நாலு புரிப் பின்னல்

குரலக் கொஞ்சம் தணிச்சுப் பேசுங்கண்ணே. அடுத்த ரூம்லதான் இருக்கான். பையன வேலைக்கு அனுப்புன்னு நீங்க சொல்றது மட்டும் அவன் காதுல விழக்கூடாது. இத்தாலி பாஷை அவனுக்கு வராதுன்னு நெனச்சுராதீங்க. ரொட்டி, மாவு, அடுப்பு, இந்த மூணையும் எந்த பாஷைல சொன்னாலும் அவனுக்குப் புரிஞ்சுரும்.

உக்காருங்க. காப்பி போடறேன். இல்ல, குடிச்சுட்டுத்தான் போகணும். ஞாயித்துக்கிழமை தூக்கத்த விட்டுட்டு மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. இந்த வீட்டுக்குப் பாதிரியார்கூட இப்பிடி ஏறி வந்ததில்ல. நான் பாத்துக்கற இனேஸம்மாவுக்குத் தொண்ணூறு ஆச்சே, போய் ஆசீர்வாதம் பண்ணிட்டு வருவோம்னு தோணல அவருக்கு. முட்டி வலியாம்.

அந்தப் பொட்டலத்த மேசை மேல வைக்காதீங்க. இங்க குடுங்க. ம்... நல்லாச் சிவந்திருக்கு. அன்னிக்கு உங்க கடைல அவன் பின்னினதேதான், கேக்கவே வேண்டாம். எல்லாரும் ஜடை பின்ற மாதிரி மூணு புரி வெச்சுப் பின்னுவாங்க, இவன் நாலு வெப்பான். எங்க ஊர்ல கல்யாணத்துக்கும் சாவுக்கும் இந்த ரொட்டி இல்லாம ஆகாது. சரி, இதக் கதவுக்குப் பின்னால வெச்சுடறேன். வாசனை அவன் ரூமுக்குப் போவுமே, என்ன பண்ண, ஜன்னலத் தொறந்து விடறேன்.

கோவமெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. நீங்க நல்ல மனசுல செஞ்சீங்க. நான் உங்க கடைல வரிசைல நிக்கறேன், பையன் ஓரமா உக்காந்திருக்கான், சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் குடுக்கற மாதிரி கையில ஒரு உருண்ட மாவக் குடுத்தீங்க. உங்களுக்கு என்ன தெரியும். நான் காசக் குடுத்துட்டுத் திரும்பறேன், பின்னி முடிச்சுட்டான். சிரிக்கறான் வேற. இந்த ஊருக்கு வந்ததுலேருந்து அவன் சிரிச்சு நான் பாக்கல. அன்னிக்குப் பாத்து சந்தோஷப்படவும் முடியல, அதான் உங்ககிட்ட எரிஞ்சு விழுந்தேன். மனசுல வெச்சுக்காதீங்க.

சர்க்கரை ஒண்ணா ரெண்டா?

ஏன் வேண்டாம்னு கேக்கறீங்க. சொல்றேன். வர்ற செவ்வாக்கிழமை அவன டாக்டருங்க பாக்கறாங்க. ஒருத்தர் இல்ல, குழுவா உக்காந்து பாப்பாங்க. நான் இந்த நாட்டுல இனிமே நிரந்தரமா இருந்துக்கலாம்னு எழுதிப் போட்டிருக்கேன். எத்தன கெழவிய குளிப்பாட்டி, எத்தன கெழவனத் திருப்பிப் படுக்க வெச்சதுக்கப்புறம் இப்பதான் அந்த யோக்யதை வந்திருக்கு. எனக்குத் தடையில்ல, கெடைச்சுரும். ஆனா என் பேரோட அவன் பேரையும் சேத்துத்தான் எழுதியிருக்கேன். அவன் தடிமாடு மாதிரி இருபத்தஞ்சு வயசு ஆம்பள. பெரிய பிள்ளைய அம்மா பேர்ல சேக்கணும்னா ஒரே வழிதான். இவனால ஒண்ணும் முடியாதுன்னு டாக்டருங்க சொல்லணும். கொஞ்சம் முடியும்னு சொன்னாலும் போச்சு.

அதான் நானும் கேட்டேன் வக்கீல்கிட்ட. பாதி முடியும் பாதி முடியாதுன்னு இருக்கற பிள்ளைய என்ன பண்றதுன்னு. அந்தாளு சிரிக்கறான். பாதிக்கு இடம் இல்லம்மா, முழுசா இருந்தாக் கூட்டிட்டு வாங்கறான். நல்லா இருக்குல்ல? முழுப் புத்திசாலின்னா அவனே வந்துருவான். முழு முட்டாள்னா அம்மா கூட்டிட்டு வரலாம். நான் பெத்தது நடுவுல.

பொறக்கறப்ப கழுத்துல கொடி சுத்திருச்சுண்ணே. மூச்சு வரத் தாமசமாச்சு. பேச்சு லேட்டு, நடை லேட்டு. காசு எண்ணத் தெரியாது, யாரு கூப்புட்டாலும் பின்னாடியே போயிருவான். ஆனா கை இருக்கே, அது வேற யாருதோ கை. எங்க ஊர்ல ஃபியதோரான்னு ஒருத்தி பேக்கரி வெச்சிருந்தா. சின்ன வயசுலயே இவன அங்க சேத்து விட்டேன், மூட்ட தூக்கட்டும்னு. அவதான் கண்டுபிடிச்சா. ஒரு தடவ காட்டினாப் போதும், பின்னிருவான். உருண்ட பிடிச்சா எல்லாம் ஒரே அளவு. ஃபியதோரா கூப்புட்டா, கைய ரெண்டு தொடைலயும் துடைச்சுட்டுத்தான் கிட்டப் போவான், பெரிய மேஸ்திரி மாதிரி. மாவு இருக்கோ இல்லையோ, துடைக்கறது துடைக்கறதுதான். ஊரே சிரிக்கும்.

அங்கேயே விட்டிருக்கலாமேன்னு சொல்லாதீங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. வேலை செய்யத் தெரியும், பொழைக்கத் தெரியாதுண்ணே அவனுக்கு. என் தங்கச்சி லிதியா வீட்டுல விட்டுட்டுத்தான் நான் இங்க வந்தேன். அவ புருஷனோட ருஷ்யாவுக்குக் கெளம்பிட்டா. பூட்டுன வீட்டுல இவன் மட்டும். ஒரு குளிர்காலம் தெருப்பசங்க கூப்புட்டுப் போயி, சாராயத்த ஊத்தி, ஒரு பக்கம் புருவத்த மழிச்சு, மேல சட்டையில்லாம பஸ் ஸ்டாப்புல உக்கார வெச்சுட்டுப் போயிட்டாங்க. பஸ் வருதுன்னு சொல்லியிருக்காங்க, அம்மா அதுலதான் வர்றான்னு. விடிய விடிய உக்காந்திருக்கான். ரெண்டு கால் வெரலு போச்சு. ஃபியதோரா போன்ல அழுவறா. நான் இங்க எவளுக்கோ சூப்பு ஊட்டிட்டிருக்கேன்.

அப்ப முடிவு பண்ணேன். எப்பாடு பட்டாவது என்கூட வெச்சுக்கறதுன்னு.

குடிங்க, ஆறிரும். இனேஸம்மா முனகுதா? இல்ல, தூக்கத்துலதான். அதுக்கு ஒரு ஸ்பூனத் தூக்க முடியாது, மகன் பேரு ஞாபகம் இல்ல, என்னைய சில நாளு அவங்க அம்மான்னு நெனச்சுக்குது. இந்த ஊர்ல பொறந்ததுனால யாரும் வந்து உன்னால என்ன முடியும்னு கேக்கல. அதிர்ஷ்டக்காரி.

எங்க ஊர்லயே மொதல்ல ஒரு டாக்டர் சோதிச்சாரு, அவன இங்க கூட்டிட்டு வர்றதுக்கு. நான் லீவு போட்டுட்டுப் போனேன். எல்லாம் சொல்லிக் குடுத்துத்தான் கூட்டிட்டுப் போனேன். எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும், கைய அசைக்கக் கூடாது, அசைச்சா தோத்துட்டன்னு ஒரு விளையாட்டு மாதிரி. நல்லாத்தான் உக்காந்திருந்தான். வயசு? தெரியாது. வீடு எங்க? தெரியாது. எனக்கு உள்ளுக்குள்ள பெருமை. அந்தாளு கடைசியா, உனக்கு என்ன பிடிக்கும் தம்பின்னு கேட்டுட்டாரு. போச்சு. ரொட்டின்னான். எப்பிடிச் செய்வன்னு கேட்டாரு. டாக்டர் கழுத்துல ஒரு கம்பளித் துண்டு, ஓரமெல்லாம் குஞ்சம் தொங்குது. எழுந்து போயி, கைய நல்லாத் தொடைல துடைச்சுட்டு, அந்தக் குஞ்சத்த நாலு நாலாப் பிடிச்சுப் பின்ன ஆரம்பிச்சுட்டான். டாக்டருக்கு ஒரே ஆனந்தம். நர்ஸக் கூப்புட்டுக் காட்டறாரு. அம்மா, உங்க பிள்ளை நல்லாப் பொழைச்சுக்குவான்னு என் தோளத் தட்டி எழுதிக் குடுத்துட்டாரு. அவரு வாயில மண்ணள்ளிப் போடணும்னு இருந்துச்சு எனக்கு.

அடிச்சேன். ஆமா, அடிச்சேன். வெளிய வந்து ரோட்டுலயே. எதுக்கு அடிக்கறேன்னு அவனுக்குத் தெரியல. நல்லாத்தானே பின்னினேன்னு கேக்கறான்.

அப்புறம்தான் யோசிச்சேன். பொய் சொல்லிக் குடுத்து ஆவாது இவனுக்கு. பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேணும்ல. தன்னால முடியாதுன்னு அவனே நம்பணும். அப்பதான் எந்த டாக்டர் எப்பிடிக் கேட்டாலும் மாறாது. நானே சொல்லிப் பாத்தேன், உன் ரொட்டி நல்லால்ல, ஊர்ல எல்லாரும் சிரிக்கறாங்கன்னு. என்னையப் பாத்து சிரிக்கறான். அம்மாவுக்கு என்ன தெரியும்னு நெனப்பு. அவன் கணக்குல ரொட்டியப் பத்திப் பேச ரொட்டிக்காரங்களுக்குத்தான் உரிமை.

ஃபியதோரா கால்ல விழுந்தேண்ணே. நெஜமாவே விழுந்தேன், மாவு கொட்டிக் கெடந்த தரையில. மாட்டேன்னா. என்னைய என்னென்னவோ திட்டினா. நீ சாகறப்ப இவன எந்த பஸ் ஸ்டாப்புல உக்கார வெக்கறதுன்னு கேட்டேன். அவளுக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி.

மறுநாளு காலைல, அவன் போட்ட ரொட்டி சூடா வெளிய வருது. ஃபியதோரா ஒண்ண எடுத்தா, பிட்டுப் பாத்தா, தூன்னு துப்பினா. இதெல்லாம் ரொட்டியா, நாய்கூடத் தின்னாது, இத்தன நாளும் பாவம் பாத்து சும்மா இருந்தேன்னு சொல்லி, தட்டோட கொண்டு போயி வாசல்ல நாய்க்குக் கொட்டிட்டா. நாய் தின்னுச்சு, அது வேற விஷயம். அத அவன் பாக்காம நான் மறைச்சு நின்னுக்கிட்டேன்.

அவன் அழுவல. கையப் பாத்தான். திருப்பித் திருப்பிப் பாத்தான். அப்புறம் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு உக்காந்தான். நீங்க பாத்திருப்பீங்களே கடைல, அப்பிடித்தான் உக்காருவான், குளிருதுன்னு நெனச்சிருப்பீங்க. அடுத்த டாக்டர் ஸ்பூனக் குடுத்தாரு, பென்சிலக் குடுத்தாரு, அவரு குட்டிக்கரணம் அடிச்சும் கை வெளிய வரல. ஒண்ணும் முடியாதுன்னு எழுதிக் குடுத்தாரு. அழச்சுட்டு வந்துட்டேன்.

ஃபியதோராவா? அவ அடுத்த வருஷம் போயிட்டா. அவ சாவுக்கு அந்த ரொட்டி போட ஊர்ல ஆளில்லையாம், டவுன்லேருந்து வாங்கிட்டு வந்தாங்களாம்.

இங்க தங்கறதுக்கான பேப்பர் கெடைச்சதும் மெதுவா சொல்லிப் பழைய மாதிரி ஆக்கிரலாம்னுதான் இருந்தேண்ணே. எந்தத் தாயாவது வேணும்னு செய்வாளா? ஆனா திரும்பி வரல. சட்டைப் பொத்தானப் போட மாட்டான். ஷூ நாடாவ நான்தான் கட்டணும். ராத்திரில நனைச்சுர்றான். முன்னாடி அதெல்லாம் கெடையாது. நான் ரெண்டு பேருக்குத் துணி மாத்தறேன் இந்த வீட்டுல, ஒண்ணு தொண்ணூறு வயசு, ஒண்ணு இருபத்தஞ்சு. சரி, பக்கத்துல இருக்கான்ல, அது போதும்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

இப்பப் பாத்து நீங்க மாவக் குடுக்கறீங்க.

வேலை பாத்தா அதுலயே அவனுக்குப் பேப்பர் வாங்கலாமேங்கறீங்க. வாங்கலாம், வேற வாசல்ல வந்திருந்தா. இவன் உள்ள வந்ததே ஒண்ணும் முடியாதவன்னு. இப்ப முடியுதுன்னா, அப்ப யாரு பொய் சொன்னதுன்னு கேப்பாங்க. அவனோட நானும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான். அங்க போயி என்ன இருக்கு? பூட்டுன வீடும் பஸ் ஸ்டாப்பும். உங்களுக்கு இன்னொண்ணு தெரியுமா, அந்தக் குழுவுல உக்காரப் போற ஒரு டாக்டரம்மா உங்க கடைலதான் சனிக்கிழமை ரொட்டி வாங்குது. நீங்க என்னடான்னா அவன கல்லாவுக்குப் பக்கத்துல நிறுத்தி மாவு பெசைய விடறேங்கறீங்க.

நீங்க வெளிய சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். அதுக்கு பயந்து இதெல்லாம் சொல்லல.

விஷயம் என்னன்னா, அன்னிக்கு உங்க கடைலேருந்து வந்ததுலேருந்து கை வெளிய வந்துருச்சு. போர்வை ஓரத்தப் பின்றான். இனேஸம்மாவுக்கு இருக்கற நாலு முடியப் பின்றான். நேத்து அவனே சட்டைப் பொத்தான் ரெண்டு போட்டுக்கிட்டான். பாத்துட்டு நான் பாத்ரூம்ல போயி அழுதேன், எதுக்கு அழுதேன்னு கேக்காதீங்க. செவ்வாக்கிழமை இப்பிடியே போனா அவ்வளவுதான். நான் சொல்லிப் பாத்துட்டேன். பழைய கதைதான், என்னையப் பாத்து சிரிக்கறான்.

உக்காருங்கண்ணே, எங்க எழுந்திரிக்கறீங்க. பெரிய பேச்செல்லாம் வேண்டாம். ரெண்டு வார்த்தை போதும். மோசமான ரொட்டி. அவ்வளவுதான். ஒரு துண்டு பிட்டு வாயில போட்டுட்டுத் துப்பிருங்க. மிச்சத்த அந்தக் குப்பைத்தொட்டில போட்டுருங்க, அவன் பாக்கற மாதிரி. தொட்டியக் கழுவிப் புதுப் பை போட்டு வெச்சிருக்கேன், அப்புறமா எடுத்து இனேஸம்மாவுக்குப் பால்ல ஊற வெச்சுக் குடுத்துக்கறேன். ரொட்டிய வீணாக்கக் கூடாது, பாவம்.

செய்வீங்க. ஃபியதோராவும் முடியாதுன்னுதான் சொன்னா.

இலாரி! இலாரியோன், இங்க வாடா கண்ணு. கீழ்க்கடை மாமா வந்திருக்காரு. ஆமா, உன் ரொட்டியத்தான் கொண்டு வந்திருக்காரு. வா.

பாருங்க, கையத் துடைச்சுட்டு வர்றான். சொல்லுங்கண்ணே.