முகம் பார்க்கும் பக்கம்

ஜன்னல் திறந்திருந்தால் எனக்கு வேலை ஓடாது. பாகலூர் ரோட்டு லாரித் தூசி கீபோர்டில் படியும். அன்று மாலையும் அதனால்தான் சாத்தினேன், சார்.

எங்கள் மாலை வகுப்பில் கணினிப் பயிற்சியோடு ஒரு வேலையும் தந்தார்கள். துருக்கிப் பக்கம் பழங்காலத்தில் லூவிய மொழியைப் படங்களாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் உண்டு. கல்லின் புகைப்படத்தைப் பார்த்து நான் எண்களை ஏற்றுவேன். கூடப் படிக்கும் சம்பங்கி சரிபார்த்து அனுப்புவாள். நன்றாகச் செய்தால் நிரந்தர வேலை. கம்பெனியில் என் ஒப்பந்தம் முடிந்திருந்தது. இதுவும் இல்லையென்றால் ஊருக்குத்தான் போக வேண்டும்; அங்கே, செத்துப்போன அக்காவின் கணவருக்கு என்னைப் பேசிவைத்திருந்தார்கள்.

நான் எதையும் இரண்டு முறை பார்ப்பவள். அப்படியும் எல்லா வரியையும் இடப்பக்கமிருந்தே ஏற்றியிருந்தேன்.

சம்பங்கி சிரித்தாள். "செல்விக்கா, ஏர் ஓட்டிப் பாத்ததே இல்லியா? மாடு கடைசில திரும்பி வருதில்ல, இந்த வரியும் அப்டித்தான். படத்துல இருக்கற மூஞ்சி எந்தப் பக்கம் பாக்குதோ அங்கிருந்து படிக்கணும்."

"எண்ணுல மூஞ்சி தெரியாது. அப்படியே அனுப்பிடு."

"முன்ன அனுப்புன கல்லும் இப்டித்தானேக்கா. நானும் பாக்காம விட்டுட்டேன். திங்கக்கெழம கிளாஸ் சார்கிட்ட சொல்லிடலாம், ரெண்டு பேரும் சேந்து திட்டு வாங்கலாம். இப்ப டிபனத் தெறக்கா, பசிக்குது."

அவளுக்குத் திட்டோடு போகும். வேலை போனாலும் அவள் வீட்டில் ரோஜாத் தோட்டம் இருந்தது.

கை கழுவப் போனாள். கொசு இருந்தது, மருந்து அடித்தேன். அவளுக்கு இளைப்பு உண்டென்று தெரியும், அதனால் கொஞ்சமாகத்தான் அடித்தேன். அவள் பையிலிருந்த இன்ஹேலரை என் பையில் வைத்தேன். பயந்து வீட்டுக்குப் போய்விடுவாள், திங்கட்கிழமைக்குள் பழைய கற்களையும் திருத்திவிடலாம் என்பதுதான் என் எண்ணம்.

மூச்சு முட்டியபோது பையைக் கொட்டித் தேடினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஒரு வரியின் நடுவில் இருந்தேன். பாதியில் விட்டால் எனக்குக் குழம்பும். அந்த வரியை முடித்தேன். அடுத்ததையும். அவள் சொன்னபடியே திருப்பி ஏற்றினேன், சரியாக வந்தது. அவள் கணினியில் ஒப்புதலையும் நானே அழுத்தினேன்.

அவளைத் தொடவே இல்லை என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அது பொய். மூச்சு நின்ற பிறகு ஒருமுறை தொட்டேன். அவள் முகம் என் நாற்காலியைப் பார்த்தபடி இருந்தது. அங்கிருந்து யாரும் படிக்கத் தொடங்கக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தேன்.