ஊதினாப் போதும், பேச வேணாம்

மேசைலங்க, மேசைல! பைனல் அன்னிக்கு நான் மேசைல உக்காந்து பாயிண்டு அட்டையத் திருப்பணுமாம். யாரு? இந்த சுப்பையன்! பகல்ல முனிசிபல் ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி, சாயங்காலம் பாஸ்கட்பால் ரெப்ரி. சம்பளமா கிம்பளமா, ஒரு கோப்பிக்கு ஓடுறவன்... நீங்க பண்டார் ஹிலிர் பஸ்ஸுக்குத்தான நிக்கிறீங்க? நானும்தான். இந்தக் காஜா பேராங்ல பஸ்ஸுக்கு நின்னா பேச்சுத் தொண வேணுங்க, இல்லன்னா பைத்தியம் புடிச்சிரும்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங், மேசை. எல்லாம் அந்தக் கொற சொல்ற கூட்டத்தால வந்த வென. மெர்டேக்கா, சுதந்திரம் கெடச்சு ஒரு வருசம் ஆகப் போகுதா... வெள்ளைக்காரன் போயிட்டான், இனிமே நம்மள நாமதான் திருத்திக்கணும்னு ரெப்ரிங்க எல்லாரும் முடிவு பண்ணோம். ஆட்டம் முடிஞ்சதும் கோப்பிக் கடைல உக்காரணும். ஒவ்வொருத்தனும் மத்தவன் கொறைய மூஞ்சிக்கு நேரா சொல்லணும். கேக்குறவன் எதுத்துப் பேசக்கூடாது, தேங்க்ஸ்னு சொல்லிட்டுக் கோப்பியக் குடிக்கணும். கொறைய மாத்திக்காதவன் விசிலக் குடுத்துட்டு மேசைக்குப் போயிடணும். நல்ல சட்டந்தானே?

ராஜரத்தினம்னு ஒருத்தன், போஸ்டாபீஸ்ல வேல. அவன் விசில் ஊதினா கொசு கத்துற மாதிரி இருக்கும், ஆட்டக்காரனுக்கே கேக்காது. சொன்னேன். மூஞ்சிக்கு நேரா சொன்னேன். பய மறுபேச்சு பேசல, தேங்க்ஸ்னான். தெனம் காலைல கடற்கரைக்குப் போயி ஊதி ஊதிப் பழகிட்டு, இப்ப அவன் ஊதினா ரோட்டுல திரிஷா மிதிச்சுக்கிட்டுப் போறவன்லாம் பிரேக் புடிக்கிறான்! எனக்குச் சந்தோசந்தான்... சந்தோசந்தாங்க, ஏன், எனக்கென்ன?

சரி, எனக்கு என்ன கொறையாம் தெரியுமா? பேசுறேனாம்! கேளுங்க அநியாயத்த. ஒரு பையன் பந்தத் தட்டாம கைல வச்சுக்கிட்டே ஓடுறான். விசில் ஊதி, கையக் காட்டி, பந்த எதிர்க் கட்சிக்குக் குடுத்தா முடிஞ்சு போச்சா? ஏன் தப்புன்னு அவனுக்கு வெளங்க வேணாமா? மலாய்ல சொன்னேன். சீனப் பசங்களுக்காக எனக்குத் தெரிஞ்ச சீனத்துல சொன்னேன். நம்ம ஆளு ஒருத்தன் வெளில நின்னு வேடிக்க பாத்தான், அவனுக்காகத் தமிழ்லயும் சொன்னேன். திரும்பிப் பாத்தா ஆட்டக்காரனுங்க தரைல உக்காந்திருக்கானுங்க. ஒருத்தன் போயி ஐஸ் வாங்கித் தின்னுக்கிட்டிருக்கான். மரியாத இருக்கா?

கூட்டத்துல அதத்தான் கொறையாச் சொன்னானுங்க. நான் எதுத்துப் பேசலங்க, வெளக்கந்தான் சொன்னேன். கட மூடுற வரைக்கும் சொன்னேன்... அடுத்த வாரமும் அதே கொறைன்னானுங்க. மறுபடியும் வெளக்கினேன். கடக்காரன் நாற்காலியெல்லாம் தூக்கி மேச மேல கவுத்துட்டான்.

அதோ பஸ்ஸு... விடுங்க, விடுங்க, ஒரே கூட்டம். பின்னாலயே இன்னொன்னு வரும். பாதிப் பேச்சுல எப்படி ஏறுறது?

வயிறு எரியுதுங்க. எத்தன வருசமா அந்த சிமெண்டுத் தரைல ஓடுறேன்! பைனலுக்கு ஊரே வரும். கோகிலா, என் வீட்டுக்காரி, இப்பவே என் வெள்ளச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வச்சிருக்கா. மேசைலதான் உக்காரப் போறேன்னு அவகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? பொன்னுதுரை மாஸ்டர் கால்ல விழாத கொறதான். அவருதான் எங்களுக்குத் தலைவரு, யாழ்ப்பாணத்துக்காரரு. மனசு எறங்கி ஒரு வழி சொன்னாரு. "சுப்பையன், இண்டைக்கு அஞ்சு மணிக்குப் பள்ளிக்கூடப் பெடியளின்ர ஆட்டம். வாய் திறவாமல், விசிலாலயும் கையாலயும் மட்டும் நடத்திக் காட்டும். பைனல் உமக்குத்தான். பிந்தினால் ராஜரத்தினம் ஊதுவார்"னாரு. அதுக்குத்தாங்க இப்பப் போயிக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்த பேச மாட்டேன், பாருங்க.

ஆனா ஒன்னு. இந்த மேசைக்கு அனுப்புற சட்டம் இருக்கே, அத யோசிச்சவனச் சொல்லணும்... யாரா? நான்தான். வேற யாருக்கு அந்த மூள இருக்கு? ராஜரத்தினத்த மனசுல வச்சுத்தான் போட்டேன். என் தலையிலயே வந்து விடியும்னு யாரு கண்டா?

இப்பப் பாருங்க, பேசாம எப்படிச் சொல்றதுன்னு காட்டுறேன். நான் இப்படித் திரும்பிக்கிறேன், அந்தச் செவருதான் ஆட்டக்காரங்கன்னு வச்சுக்கங்க. பந்தத் தட்டாம ஓடினா ரெண்டு கையயும் இப்படிச் சுத்தணும். இடிச்சா, கை இடுப்புல. கைல அடிச்சா, மணிக்கட்டப் புடிக்கணும். ஆனா எதுக்குப் புடிக்கிறோம்னு ஒரு வார்த்த சொன்னாத்தானே அவனுக்கும் புத்தி வரும்? ஏங்க, நான் சொல்றது சரிதானே?... ஏங்க?

அட! பஸ்ஸுல ஏறிட்டாரு! யோவ், கண்டக்டரு! நிறுத்துயா! நான் போகணும்யா, எனக்கு ஆட்டம் இருக்குயா... போயிட்டான். அடுத்த பஸ்ஸு எப்ப வந்து, நான் எப்பப் போயி... ஐயோ, இனி ராஜரத்தினந்தான். கோகிலாவுக்கு என்ன சொல்லுவேன்?

ஏம்மா, கூடையோட நிக்கிறீங்களே, நீங்க பாத்தீங்கல்ல? பஸ் வந்துருச்சுன்னு ஒரு வார்த்த சொன்னாரா அந்த மனுசன்? இவ்வளவு நேரம் பக்கத்துல நின்னாரு, வாயே தெறக்கல. கையக் காட்டியிருப்பாரு, பஸ் நின்னிருக்கும், ஏறிப் போயிட்டாரு... அந்த ஆளுகிட்டக் குடுக்கலாம்மா விசில!