எண்ணெய்த் துணி

தேக்குத் தரையில் விழுந்த கீறலை மறைப்பது பெரிய வேலை இல்லை, சார். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாளைத் தேய்க்க வேண்டும். பள்ளத்தில் மெழுகை நிரப்பி, மேலே ஆளிவிதை எண்ணெயைத் துணியால் இழுத்துவிட்டால் வீட்டுக்காரர்களுக்கே இடம் தெரியாது. பாலுசாமி வீட்டுப் படுக்கையறையிலும் அதைத்தான் செய்தேன். கட்டிலை இழுத்த கீறல்கள். தரை வேலைக்கு ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு நானே போனேன்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. சோமனூரில் அவருடைய பஞ்சுக் கழிவுக் குடோன் எரிந்தபோது உள்ளே மாட்டிக்கொண்டு செத்தவர்களில் என் மனைவி வரலட்சுமியும் ஒருத்தி. வேலை நேரத்தில் ஆட்கள் வெளியே போகக் கூடாதென்று கதவைப் பூட்டிவைப்பது அவர் வழக்கம். பூட்டவே இல்லை என்று கோர்ட்டில் சொன்னார். சாட்சிகளும் அப்படியே சொன்னார்கள். விடுதலையானதும் கோர்ட் வராந்தாவில் நின்று வீட்டுக்குப் போன் செய்தார்.

"முடிஞ்சுது அம்மணி. சோறு எடுத்து வெய்யி, வாரேன்."

தீர்ப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை. அப்போதும் அவர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் மனைவி சென்னியம்மாள் நல்லவர். இடுப்பு ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துத்தான் நடப்பார்.

"ஏனுங் தம்பி, வெறும் வயித்துல வேலை செய்யாதீங்க. ரெண்டு இட்டிலி தின்னுபோட்டுச் செய்யலாமுங்க" என்றார். சாப்பிட்டேன். "ஊட்ல யாரெல்லாம் இருக்கறாங்க கண்ணு?"

"யாருமில்லீங்க."

அவர் எதுவும் கேட்காமல் இன்னொரு இட்டிலி வைத்தார். அவர்மேல் அந்த மரியாதை எனக்கு இன்றைக்கும் உண்டு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலுசாமி சோமனூருக்குக் கிளம்பினார். எண்ணெய் பட்ட துணியை விரித்துக் காயப்போட வேண்டும். சுருட்டி அமுக்கினால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று நான் விரிக்கவில்லை. அட்டைப்பெட்டியில் திணித்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். தரையில் தடம் விழக் கூடாதென்று வாக்கரைக் கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன். தீக்குச்சி எதுவும் நான் உரசவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் தெருவில் கூட்டத்தோடு நின்றேன். பாலுசாமி காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார். தீயணைப்புக்காரர்கள் பிடித்து நிறுத்தியதும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"நான் வரலட்சுமி ஊட்டுக்காரனுங்க."

முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். அதற்குத்தான் போனேன்.

தண்டனை பாலுசாமிக்குத்தான் சார், அந்த அம்மாவுக்கு இல்லை. அந்த அம்மாவைத் துன்பப்படுத்த நான் நினைத்ததே இல்லை. அதனால்தான் மாத்திரை போட்டு அவர் நன்றாகத் தூங்கும்வரை காத்திருந்து, சத்தம் வராமல் படுக்கையறைக் கதவை வெளியே தாழிட்டேன்.