சீனன் கடைப் பாராங்

– மரவள்ளிக் கொல்லைக்குத்தானே மருதம்மா? அதுக்கு எதுக்கு இவ்வளவு கூரு?

– நீங்க தீட்டுங்க பக்கிரிண்ணே. வேற ஒண்ணும் கேக்காதீங்க.

– கேட்டுக்க, இது குருண் டவுனு சீனன் கடையில மலிவா வாங்குன பாராங் கத்தி. இரும்பு சொத்தை. வாயை இவ்வளவு மெலிசா எடுத்தா நாலு குச்சி வெட்டுறதுக்குள்ள மடங்கிடும்.

– குச்சி வெட்ட இல்லைண்ணே.

– அப்ப மூங்கிலா?

– எலும்பு.

– அரிசிக்கே வழியில்ல, ஆடு அடிக்கப் போறியா?

– என் வீட்டுக்காரரோட கால் கட்டைவிரலு.

– என்ன சொன்ன நீ?

– காலையில லாரி வருதுண்ணே. சயாம்ல ரயில் ரோடு போடுற வேலைக்கு அவரு பேரையும் தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி கூப்பிட்டுட்டாரு. மெர்போக் தோட்டத்துலேருந்து போனவங்க ஒருத்தரும் திரும்பலை. நடக்க முடியாதவனை ஜப்பான்காரன் ஏத்த மாட்டானாம்.

– உன் புருஷன் சின்னையா இதுக்கு ஒத்துக்கிட்டானா?

– அவருக்குத் தெரியாது. நெறைய கள்ளு ஊத்திப் படுக்க வச்சிருக்கேன்.

– அடிப்பாவி. தாலி கட்டுனவன் காலைப் போயி...

– விரலு போனாப் போவுது லா. ஆளு இருந்தாப் போதும். ஒரே வெட்டுல விழணும், அவ்வளவுதான்.

– அப்ப மெலிசு ஆகாது. கேட்டுக்க, மெலிசா இருந்தா எலும்புல பட்டதும் வாய் பேந்து பாதியில நின்னுடும். ரெண்டு பக்கமும் அரத்தால ராவி, வாயைக் கொஞ்சம் கட்டையா விட்டு, அப்புறம் கல்லுல தீட்டணும்.

– எலும்பு வெட்டுறது உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?

– அந்தச் சாக்கை விலக்கி என் காலைப் பாரு.

– ஐயோ. மரம் விழுந்துச்சுன்னுல்ல சொன்னீங்க.

– நானே வெட்டிக்கிட்டேன். போன தடவை லாரி வந்தப்ப.

– உங்களை விட்டுட்டாங்கல்ல? அப்ப பலிச்சுதுல்ல?

– என்னை விட்டான். ஆள் கணக்கு குறையுதுன்னு, வீட்டுல நின்ன என் மவன் ராமையாவை ஏத்திட்டான்.

– அவன் ஆசைப்பட்டுப் போனான்னு சொன்னீங்களேண்ணே.

– வேற என்னத்தைச் சொல்லச் சொல்ற? என்னால அவன் போனான்னு சொல்ல வாய் வரலை.

– எங்க வீட்டுல அவரை விட்டா வேற ஆம்பளை இல்லையே.

– நீ இருக்கியே. சோறாக்க, மண்ணு சுமக்கன்னு பொம்பளைங்களையும்தான் ஏத்துறான். பேசாம பாராங்கை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ தாயி.

– இல்லைண்ணே, தீட்டுங்க. ரெண்டு வெட்டுக்குத் தாங்குற மாதிரி தீட்டுங்க. அவரோடதை முடிச்சுட்டு என்னோடதையும் வெட்டிக்கணும்.