சுடலைமுத்துவின் பெயரில் பேசியவன்

போனில் என் குரல் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், மேடம். நேரில் பார்த்தால் ஒல்லியாக, பல் கொஞ்சம் எடுப்பாக, யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்காத ஆள்தான். ஆனால் போனை எடுத்து "சொல்லுங்க சார்" என்றால், எதிரில் இருப்பவருக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேசுவேன். ஓசூரில் சர்வீஸ் அட்வைசர் வேலைக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

பெயர் தினேஷ்குமார், சொந்த ஊர் கல்லாவி. என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டேன். எஸ்.ஐ. வீரலட்சுமி மேடமாகிய நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள். யாரும் என்னைப் பிடித்து வரவில்லை, காலையில் நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் அட்வைசர் என்றால் வண்டியைக் கழற்றி மாட்டுபவன் இல்லை. வண்டி விட வருபவரிடம் என்ன குறை என்று கேட்டு எழுதி, சாயந்திரம் பில்லைக் கொடுத்து, சமாதானம் சொல்லி அனுப்புபவன். எங்கள் பைக் ஷோரூமில் சமாதானத்துக்கு எப்போதும் வேலை இருந்தது. போனில் விசாரித்தால் ஒரு விலை, நேரில் வந்தால் வேறு விலை. கம்பி, கவர், பாலிஷ் என்று கேட்காததையெல்லாம் மாட்டி பில்லில் ஏற்றிவிடுவார்கள். பெங்களூரைவிட இங்கே மலிவு என்று நம்பி அத்திப்பள்ளி தாண்டி வருபவர்கள்கூட முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் சாவி வாங்குவார்கள். அந்த வயிற்றெரிச்சலை எல்லாம் முதல் சர்வீஸுக்கு வரும்போது கொட்டுவார்கள். விற்றவன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏ.சி.யில் இருப்பான். இந்தப் பக்கம் நான் இருப்பேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சர்வீஸ் முடிந்த சில நாளில் பைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் வாடிக்கையாளருக்குப் போன் செய்வாள். பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்பாள். பத்து என்றால் பாஸ், ஒன்பது என்றாலே பெயில். இது எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கோ தெரியாது. மார்க் குறைந்தவனை மறுநாள் காலை மீட்டிங்கில் மேனேஜர் ஜெகதீஷ் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, "சார் வந்திருக்காரு, கை தட்டுங்க" என்பார். எல்லோரும் தட்டுவார்கள். நானும் மற்றவர்களுக்குத் தட்டியிருக்கிறேன்.

இதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. முணுமுணுக்கிற ஆள் என்று தெரிந்தால், கம்ப்யூட்டரில் அவருடைய நம்பரை எடுத்துவிட்டு நம் கையில் இருக்கும் வேறு நம்பரைப் போட்டுவிடுவது. மாற்றும்போது ஓ.டி.பி. கேட்கும், அதுவும் புது நம்பருக்குத்தான் வரும். பிறகு அந்தப் பெண் கூப்பிட்டால் நாமே அவராகப் பேசி பத்து போட்டுக்கொள்ளலாம். இதற்காகவே ஒரு பழைய போன் வைத்திருந்தேன். யாருக்கு என்ன நஷ்டம்? வாடிக்கையாளருக்கும் ஒரு தொந்தரவு மிச்சம்.

சுடலைமுத்து அண்ணன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. அவரும் மனைவி சரஸ்வதி அக்காவும் வாடகை வீட்டில் இருந்தார்கள். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எதுக்கு தம்பி? நான் கேக்கலியே?" என்று ஒவ்வொரு வரியாக நிதானமாகக் கேட்பார். பக்கத்தில் நிற்பவர்களும் தங்கள் பில்லைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். முதல் சர்வீஸுக்குப் பிறகு கம்பெனிப் பெண்ணிடம் மூன்று மார்க் போட்டு, காரணத்தையும் பொறுமையாக விளக்கியிருக்கிறார். மறுநாள் எனக்குக் கை தட்டினார்கள். அன்று மத்தியானமே அவர் நம்பரை மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு கம்பெனியைப் பொறுத்தவரை சுடலைமுத்து நான்தான். அவர் பேச்சு எனக்கு நன்றாகவே வந்தது. "நல்லா பாக்காவம்மா, பத்துக்குப் பத்து" என்று சொன்னபோது அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

போன மாதம் அந்தப் பழைய போனுக்குக் கம்பெனியில் இருந்து வேறு மாதிரி ஒரு அழைப்பு வந்தது. சுடலைமுத்து சாருடைய வண்டியில் முன்பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட் தயாரிப்பிலேயே கோளாறு, ஓட்டும்போது உடைந்து சக்கரம் பூட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது, உடனே ஷோரூமில் விட்டு இலவசமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் அவருடைய பேச்சிலேயே, "சரிம்மா, கொண்டாறேன்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? நான் அவர் இல்லை என்றா?

எங்கள் ஷோரூமுக்கும் அதே விவரம் வந்தது. பிரியாதான் எல்லோருக்கும் கூப்பிட்டாள். எனக்கு அடுத்த மேசை அவளுக்கு. என் பாக்கெட்டில் போன் அதிர்ந்ததும் நான் எழுந்து வாட்டர் வாஷ் பக்கம் போய், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே நின்று, சுடலைமுத்துவாக அவளுக்கும் பதில் சொன்னேன். திரும்பி வந்தபோது, "நல்ல மனுசருங்க, ரொம்ப மரியாதையா பேசறாரு" என்றாள். கம்ப்யூட்டரில் தகவல் சொல்லியாயிற்று என்று ஏற்றிவிட்டாள்.

அவருடைய உண்மையான நம்பர் எனக்கு மனப்பாடம். ஒரு போன் செய்திருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். பலமுறை எடுத்து, கடைசி எண்ணை அழுத்தாமல் வைத்திருக்கிறேன். நான் சொன்னால் அவர் சும்மா கேட்டுக்கொள்கிறவரா? கம்பெனி ஏன் எனக்கு நேராகச் சொல்லவில்லை என்பார். எந்த நம்பருக்குச் சொன்னார்கள் என்பார். அதை எல்லோர் முன்னாலும் நிதானமாகக் கேட்பார். அடுத்த சர்வீஸுக்கு வரும்போது சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அவர் அதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை வந்துவிட்டார். நல்ல கூட்டம்.

"பிரேக்கப் புடிச்சா முன்னால டொக்குன்னு ஒரு சத்தம் கேக்கு தம்பி. என்னன்னு பாருங்க. நாளைக்கு அவளயும் கூட்டிக்கிட்டு காவேரிப்பட்டினம் ஒரு கல்யாணத்துக்குப் போகணும்."

நான் பார்க்கிறேன் என்றேன். போல்ட் ஸ்டோரில் இருந்தது. ஆனால் அதை வெளியே எடுக்க அதற்கென்று தனி ஜாப் கார்டு போட வேண்டும். அதில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, இந்தக் கோளாறு பற்றி எனக்குப் போனில் தகவல் சொன்னார்கள் என்று ஒரு வரி இருக்கும். மற்றவர்கள் என்றால் படிக்காமலே போட்டுவிடுவார்கள். அவர் படிப்பார். படித்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

வண்டியை உள்ளே கொண்டுபோய் நானே முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு போல்ட்டில் விரிசல் நன்றாகவே தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வண்டியைக் கழுவச் சொன்னேன். கழுவித் துடைத்து, பாலிஷும் போட்டு, அதற்குக் காசு வேண்டாம் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன்.

"தூசிதான்ணா. கழுவியாச்சு, இனிமே சத்தம் வராது."

"ரொம்ப நன்றி தம்பி. இன்னைக்குத்தான் நீங்க மனசு வச்சிப் பாத்திருக்கீங்க," என்றார். முதல் தடவையாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை, மேடம். அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். வண்டி ரோட்டில் ஏறும்வரை வாசலிலேயே நின்று, மெதுவாகப் போங்கள் என்று கையைக் காட்டினேன். அவரும் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போகும் வழியில், மேலுமலை இறக்கத்தில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் லாரி. அக்கா ஓரமாக விழுந்ததால் கால் முறிவோடு தப்பித்தார். அண்ணன் அங்கேயே போய்விட்டார். விபத்துக்குக் காரணம் அதிவேகம் என்று போலீஸில் எழுதினார்கள். அவர் வேகமாக ஓட்டுகிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து உடலை அவர்கள் ஊருக்கு எடுத்துப் போகும்போது மாலை வாங்கிக்கொண்டு போனேன். ஷோரூமில் இருந்து போனது நான் ஒருவன்தான். அன்றில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வாரமே பழைய போன் அடித்தது. சனிக்கிழமை சர்வீஸ் எப்படி இருந்தது என்று கேட்கக் கம்பெனிப் பெண் கூப்பிட்டாள். "சுடலைமுத்து சாருங்களா?" என்றாள். எடுக்காமல் விட்டிருக்கலாம். விட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். "ஆமாம்மா" என்றேன். எத்தனை மார்க் என்றாள். பத்து என்றேன். வண்டி இப்போது எப்படி ஓடுகிறது என்றாள். சத்தமே இல்லை என்றேன்.

அதையும் நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது நேற்றுத்தான். சரஸ்வதி அக்கா ஊன்றுகோலோடு, தன் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஷோரூமுக்கு வந்தார். அதே மாடல் வண்டிகளைக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பிரியா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். உங்கள் வீட்டுக்காரரிடம் நானே பேசினேன், கொண்டுவருகிறேன் என்று சொன்னாரே அக்கா என்றாள். பாவம், அவள் பொய் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்து, சொன்னோம்தானே என்றாள்.

"ஆமாங்கக்கா, சொன்னோம்," என்றேன்.

அக்கா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எல்லாந் தெரிஞ்சுதான் என்னயும் பின்னால உக்கார வச்சிக் கூட்டிட்டுப் போனாரா? அந்த மனுசனுக்கா நான் இத்தன நாள் அழுதேன்?" என்றார். தன் கழுத்தில் மாட்டியிருந்த அண்ணனின் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் வந்தேன். செத்துப்போன மனிதர்மேல் பழி இருக்கக் கூடாது. அவருக்கு எதுவும் தெரியாது என்று அக்காவிடம் நீங்கள் சொல்ல வேண்டும். போனில் பேசியது நான். விரிசலைக் கண்ணால் பார்த்ததும் நான். தெரிந்தே சாவியைக் கொடுத்ததும் நான்தான்.

இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, இவர் ஒருவர்தானா, வேறு யாருக்காவது இப்படிச் செய்தாயா என்று கேட்டீர்கள். செய்தேன். அந்தப் போல்ட்டுக்காக வேறு சிலர் பெயரிலும் எனக்குப் போன் வந்தது. எல்லோருக்காகவும் கொண்டுவருகிறேன் என்று நானே சொல்லிவிட்டேன். அவர்களுடைய சொந்த நம்பர் என்னிடம் இல்லை, கம்ப்யூட்டரில் இருந்ததைத்தான் மாற்றிவிட்டேனே. அவர்களுக்கும் சிப்காட்டில்தான் வேலை, இந்நேரம் ஷிப்ட் விட்டிருக்கும், வண்டியை எடுத்திருப்பார்கள். இதைக் காலையில் வந்ததும் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கத்தினீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆரம்பத்தில் இருந்து முறையாகச் சொன்னால்தானே நான் கெட்டவன் இல்லை என்பது உங்களுக்குப் புரியும்?

அவர்கள் பெயர்களைக் கீழே எழுதுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அவர்களைத் தேடிப் பிடித்துச் சொல்லும்போது என் பெயர் வேண்டாம், மேடம். அவர்கள் எல்லோரும் என்மேல் நல்ல மதிப்பு வைத்திருக்கிறார்கள்.