எல்லாக் குரலும் கேட்காமல் பூட்டாதவர்

கூடியிருப்போர்: தலைமைப் பொறியாளர் கமலநாதன், நிலோபர், மணியம், குணாளன். ஐந்தாவதாக, பணி நிறைவு பெறும் நீங்கள். பெயர் வாசித்தாயிற்று.

செடெனாக் ஆய்வுக்கூடத்தின் பாதுகாப்பு அதிகாரியே, பதினோர் ஆண்டுகளாக ஒரு கதவை நம்பாமல் காத்தவரே, எங்கள் யோகேஸ்வரி அக்கா! வணக்கம்.

அணு உலையிலிருந்து பாயும் நியூட்ரினோக்களில் சில, எதையும் தொடாத வேறொரு வகையாக மாறி, எண்ணிக்கையிலிருந்து நழுவுகின்றனவா? அதைப் பார்க்கும் கருவியை நாம் கட்டினோம். வெளிநாட்டு உலை ஒன்றுக்குப் பன்னிரண்டு மீட்டர் பக்கத்தில் அது இரண்டு ஆண்டுகளாக நிற்கிறது. நழுவியது எதுவும் இன்னும் அகப்படவில்லை. அதற்காக உங்களைப் பாராட்ட முடியாது. அதைச் சோதித்த இருட்டறையில் ஓர் ஆள் நழுவாமல் பார்த்தீர்கள். அதற்காகவே இந்த மடல்.

கருவியை ஏற்றிச்செல்லும் கப்பல் மறுநாள். கடைசிச் சோதனைக்கு விளக்கை அணைத்து, கருவிக்குள் நைட்ரஜன் செலுத்த வேண்டும். அது கசிந்தால் மணக்காது. மூச்சை மட்டும் எடுத்துவிடும். வாசலில் நின்று பெயர் வாசித்தீர்கள். குணாளன் குரல் மட்டும் வரவில்லை.

“வீட்டுக்குப் போயிருப்பான்லா. பூட்டுங்க, நேரமாச்சு” என்றார் கமலநாதன்.

“அத அவன் வந்து சொல்லட்டும். கேஸ் திறந்தாச்சா?” என்றீர்கள்.

“அப்பவே திறந்துட்டேன்க்கா” என்றார் நிலோபர். அவசரம்.

குணாளன் ஈயச் சுவருக்குப் பின்னால், ஒருவர் மட்டும் நுழையக்கூடிய இடுக்கில், குழாயின் கடைசி மூட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்தது. கத்தினார், பம்பு இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. முறுக்கி முடியாத மூட்டில் கசிந்த வாயுவில் கால்கள் மடங்கின. நீங்கள் நிறுத்தச் சொல்லிப் பம்பு நின்றது. தன் பெயர் எங்கோ கேட்டது. நாக்கு எழவில்லை. மீண்டும் கேட்டது. மூன்றாம் முறை, கையிலிருந்த ஸ்பேனரால் குழாயில் தட்டினார். ஒரே ஒரு தட்டு.

விசிறிகளை ஓடவிட்டு, ஆக்சிஜன் முகமூடியோடு உள்ளே போய் அவரை இழுத்து வந்தீர்கள்.

“அலமாக்! கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டியாடா?”

திட்டிக்கொண்டே உங்கள் முகமூடியைக் கழற்றிக் குணாளன் முகத்தில் வைத்து அழுத்தினீர்கள். கப்பல் தவறியது. கமலநாதனைத் தவிர யாரும் வருந்தவில்லை.

இரண்டாவது கருவி இப்போது அதே அறையில் இருக்கிறது. நாளை முதல் பெயர்ப் பட்டியலும் சாவியும் குணாளனிடம். பயமாக இருக்கிறது அக்கா. அவசரம் என்று நாங்கள் மறுபடியும் கத்துவோம். உங்களைப் போல் அசையாமல் நிற்பாரா என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

நல்ல உடலோடும் நிறையக் காற்றோடும் நெடுநாள் வாழுங்கள்! கமலநாதன், நிலோபர், மணியம், குணாளன் ஆகிய நாங்கள் கையெழுத்திட்டுவிட்டோம்.

இன்று புறப்படும்போது குணாளன் பெயர் வாசிப்பார். ஐந்தாவது பெயரையும் வாசிப்பார். வாசலுக்கு வெளியே நின்று சத்தமாக ‘இருக்கேன்’ என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவர் உங்களுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டுவார்.