நூறு மீட்டர் ஆழத்தில்

சிக்னே: முப்பது வருஷமா இதே எடத்துல கயிறு விடறேன், எனக்கே பாடம் எடுக்கிறியா கிழவா? கடல் சூட்டை அளக்கற கருவி மேல வந்துடுச்சு, பிடி. திரையைப் பாரு.

ஹால்வார்: பொறு... கண்ணாடியெல்லாம் ஈரம்.

சிக்னே: சீக்கிரம். பென்சில் பிடிச்சு விரல் விறைச்சுப் போச்சு. நூறு மீட்டர் ஆழத்துல எவ்வளவு?

ஹால்வார்: அஞ்சு... அஞ்சு புள்ளி எட்டு டிகிரி.

சிக்னே: நிஜமாவா?

ஹால்வார்: ஏன், நம்பிக்கை இல்லையா?

சிக்னே: போன பிப்ரவரியும் அஞ்சு புள்ளி எட்டு. அதுக்கு முந்தின பிப்ரவரியும் அதே. ரொம்ப சமத்துக் கடல்!

ஹால்வார்: ஆமா, நல்ல கடல்.

சிக்னே: அப்போ மீன் எங்கே? காட் மீனெல்லாம் குளிரைத் தேடி வடகிழக்கே போயிடுச்சு. நேத்து நீ கொண்டுவந்தது பூனைக்கே பத்தல.

ஹால்வார்: வரும், வரும்...

சிக்னே: சரி, எழுதிட்டேன். தண்ணி ஆறு டிகிரியைத் தாண்டினா, மீனைத் துரத்திக்கிட்டு நீ இந்தச் சின்னப் படகுல தூரமாப் போயிடுவேன்னு மகளுக்குப் பயம். தாண்டினதும் படகை வித்துட்டு ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்துல அவ வீட்டுக்கு வந்துடறோம்னு வாக்குக் குடுத்தோமே... இந்த வருஷமும் தப்பிச்சோம்.

ஹால்வார்: ம்...

சிக்னே: என்ன 'ம்'? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? காப்பி ஊத்தவா?

ஹால்வார்: வேண்டாம். ஆராய்ச்சி நிலையத்துலேர்ந்து கடிதாசி வந்துச்சுல்ல...

சிக்னே: முப்பது வருஷம் உண்மையா அளந்து குடுத்ததுக்கு நன்றின்னு. சமையலறைச் சுவத்துல ஒட்டியிருக்கேனே.

ஹால்வார்: நான் அந்தச் சுவத்துப் பக்கமே பார்க்கிறதில்ல.

சிக்னே: ஏனாம்?

ஹால்வார்: சொன்னா என்னைத் தண்ணியில தள்ளி விட்டுடுவே.

சிக்னே: தள்ளினாலும் அவ்வளவு குளிராது. சொல்லு.

ஹால்வார்: திரையில இருக்கிறது... ஆறு புள்ளி ஏழு. போன வருஷமும் ஆறுக்கு மேலதான். நான்தான் குறைச்சுக் குறைச்சுச் சொன்னேன்.

சிக்னே: எத்தனை வருஷமா?

ஹால்வார்: நாலு. மக இருக்கிற அந்த அடுக்குமாடியில, ஜன்னலைத் திறந்தா பஸ் ஸ்டாப்பு... என்னால முடியாது சிக்னே. ஆனா உன்கிட்ட போய் பொய் சொல்லிட்டேனே! அதோட, அந்த ஆராய்ச்சிப் பிள்ளைங்க என் பொய்யை வச்சுக் கணக்குப் போடறாங்க. கடல் மாறிக்கிட்டே இருக்கு, நான் அது மாறவே இல்லேன்னு சொல்லிட்டு இருக்கேன். வெக்கமா இருக்கு.

சிக்னே: ச்சீ, அழாதே. தாடியில உறைஞ்சுடும்.

ஹால்வார்: உனக்குக் கோபம் வரலியா?

சிக்னே: சிரிப்புதான் வருது. இன்னும் பழைய தெர்மாமீட்டர் காலத்துலயே இருக்கியே! இந்தக் கருவி அளந்ததைத் தனக்குள்ளயே பதிஞ்சு வச்சுக்கும். வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர்ல மாட்டி அனுப்பறது யாரு?

ஹால்வார்: நீ...

சிக்னே: அவங்களுக்குச் சரியான கணக்குதான் போயிருக்கு. ஒண்ணு கூடத் தப்பல.

ஹால்வார்: அப்போ நாலு வருஷமா உனக்குத் தெரியும்?

சிக்னே: தெரியும்.

ஹால்வார்: பின்ன எதுக்கு இந்தக் குளிர்ல, நான் சொல்ற பொய்யை நோட்டுல எழுதறே?

சிக்னே: ஒவ்வொரு பிப்ரவரியும் மக போன் பண்ணி, "ஆறு தாண்டிடுச்சாம்மா?"ன்னு கேக்கறா. சொந்தமாப் பொய் சொல்ல எனக்கு வாய் வரல... அதான், நீ சொன்னதைப் பார்த்து வாசிச்சுடறேன். எனக்கும் போக மனசில்ல கிழவா.